தம்பி பெயரில் ஆடியவன்

கல்லூரிக் கால்பந்து அணியில் சேர்ந்த முதல் மாதமே அவனைக் காது டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர் கோச். மகா கோபக்காரர்தான், ஆனால் ஒருவனைத் திட்டுவதற்கு முன்னால் அவன் உடம்பில் ஏதாவது கோளாறு உண்டா என்று பார்த்துவிட்டுத் திட்டுகிற அளவுக்கு நியாயஸ்தர். அவர் கவனித்தவரையில் இந்தப் புதுப் பையனுக்குக் கால் இரண்டும் முதல் தரம், மூச்சும் முதல் தரம், மூளைகூடப் பரவாயில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டேன் என்கிறான். பந்து முதுகுக்குப் பின்னால் வருகிறது, நாலு பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், இவன் என்னவோ பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிறார்கள் என்கிற மாதிரி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான்.

டாக்டர் அவனை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். அவன் ஒன்றையும் விடவில்லை.

"இவனுக்கா காது கேக்கலைன்னு அனுப்புனீங்க? இது பாம்புச் செவி" என்றார் டாக்டர் போனில்.

"அப்ப திமிரு" என்றார் கோச்.

அணிப் பையன்கள் டாக்டர் சொன்னதையும் நம்பவில்லை, கோச் சொன்னதையும் நம்பவில்லை. அவனுக்குச் 'செவிடன்' என்று பெயர் வைத்துவிட்டு, ஆட்டத்தில் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு தரம் கை தட்டினார்கள். கை தட்டினால் உடனே திரும்பினான். செவிடன் என்றாலும் திரும்பினான். ஊரில் யாராவது தன்னைச் செவிடன் என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவானா? இவன் பட்டான். அவர்கள் வேறு எந்தப் பெயரையும் சொல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

ஏனென்றால் கல்லூரியில் பதிவாகியிருந்த பெயர் அவனுடையது அல்ல. அவன் தம்பியுடையது. தம்பி உயிரோடு இல்லை.

நடந்தது இதுதான். அவனுடைய அப்பா பல வருஷங்களுக்கு முன்பே கடல் தாண்டி இந்தப் பெரிய நகரத்துக்கு வந்துவிட்டார். ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினார். மனைவியையும் இரண்டு பையன்களையும் வரவழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டுவிட்டு, இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்தார். அரசாங்கம் ஆமை வேகத்தில் அசைந்தது. பதினெட்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அனுமதி என்பது சட்டம். ஆமை வந்து சேர்வதற்குள் பெரியவன் பதினெட்டைத் தாண்டிவிட்டான். சின்னவனுக்குப் பதினாறு. அம்மாவும் சின்னவனும் மட்டும் வரலாம் என்று பதில் வந்தபோது, சின்னவனைக் காய்ச்சல் கொண்டுபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அப்பா போனில் அழுதார். அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: "பெரியவன் சின்னவன் பேர்ல வரட்டும்."

அம்மா சரி என்று சொன்னதாக அப்பா பின்னாளில் சொல்லிக்கொள்வார். அவள் சொல்லவில்லை, போனை வைத்தாள், அவ்வளவுதான். அண்ணன் தம்பி முகஜாடை ஒன்றாக இருந்தது. விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், முத்திரையைக் குத்தினார். ஒரு பையன் செத்து இன்னொருவன் இருந்தது, அந்தக் கொட்டாவி நேரத்தில் தலைகீழாக மாறிப்போனது. இந்த நாட்டைப் பொறுத்தவரை சின்னவன் உயிரோடு இருக்கிறான். பெரியவனைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? தவறிவிட்டான் என்று சொல்வதாக அப்பா முடிவு செய்தார்.

குடியிருப்பு ஒரு டயர்க் கடைக்கு மேலே. இரண்டு அறை, ஒரு சமையலறை. ரப்பர் வாடை படியேறி வந்து துணிமணியில் உட்கார்ந்துகொள்ளும். அம்மாவுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத பெரிய கூடம். பெரிய போர்வைகளை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். இவள் ஒரு முனையைப் பிடித்தால் இன்னொருத்தி எதிர் முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவாள், இருவரும் கையோடு கை வைத்துச் சேர்ப்பார்கள், மறுபடி விலகுவார்கள். நாள் முழுக்க இப்படி நெருங்கியும் விலகியும் நிற்கிற இரண்டு பெண்கள் பேசாமல் இருக்க முடியுமா? எதிர் முனைக்காரி ஒருநாள் கேட்டுவிட்டாள், உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகப் பெரியவனிடம் வந்தாள். அவன் காலுறையைத் துவைத்துக்கொண்டிருந்தான். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் நாக்கு அழுகிப் போகட்டும்டா பெரியவனே. உன்னைக் கொன்னுட்டு வந்திருக்கேன்."

"என்னம்மா?"

"ரெண்டு பசங்க, பெரியவன் தவறிட்டான்னு சொல்லிட்டேன். அவ போர்வையைக் கீழ போட்டுட்டு என்னைக் கட்டிப் புடிச்சு அழுறா. நானும் அழுதேன். யாருக்கு அழுறேன்னு எனக்கே தெரியலை."

"சரி விடும்மா. இங்கதானே நிக்கிறேன்."

"நீ இருக்க. இருக்க. நூறு வயசு இரு."

சின்னவனுக்கு அந்த வீட்டில் ஒரு படம்கூட மாட்டவில்லை. மாட்டினால், வருகிறவன் போகிறவன் பார்த்துவிட்டு, இது யார், உயிரோடு இருக்கிற பையனையா சுவரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டால் என்ன செய்வது? அம்மா வாய்விட்டு அழவும் முடியாது. டயர்க் கடைக்காரருக்குக் காது நன்றாகவே கேட்கும். அப்பா வீட்டுக்குள்ளேயும் தம்பி பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டார். 'பழகிக்கணும்டா, பழகினாத்தான் வெளியில வாய் தவறாது' என்பது அவர் கட்சி. அவர் கூப்பிடும்போதெல்லாம் அம்மா அடுப்பை நோக்கித் திரும்பிக்கொள்வாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததே இல்லை. அவளுக்கு அவன் பெரியவன். 'பெரியவனே சாப்பிட வா', 'பெரியவனே ஈரத் தலையோட படுக்காதே.' அவ்வளவு பெரிய நகரத்தில், லட்சோபலட்சம் வாய்களுக்கு நடுவில், அவனை அவனாகக் கூப்பிட்டது அந்த ஒரு வாய்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் காலம் தள்ளினான்.

கல்லூரியில் இடம் கிடைத்தது காலால். மார்க்கை வைத்துக் கொடுத்திருந்தால் வாசல் காவலாளியாகக்கூட அவனை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். பொழுதுபோகாமல் ஒரு பூங்காவில் ஆடிக்கொண்டிருந்தவனைக் கோச் பார்த்தார், இழுத்துக்கொண்டு போனார். அணியில் இருக்கும்வரை படிப்பு இலவசம், பஸ் இலவசம், ஆட்ட நாட்களில் சாப்பாடும் இலவசம். அணியை விட்டுப் போனால் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டும், கட்ட வழியில்லை. இது எல்லாருக்கும் உள்ள கதைதான். அவனுக்கு மட்டும் உள்ள கதை வேறு.

அந்தக் கல்லூரி மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கோல் விழுந்தால் ஒலிபெருக்கிக்காரன் அடித்தவன் பெயரை ஒரு தரம் சொல்வான். பார்வையாளர்கள் திருப்பிச் சொல்வார்கள். மறுபடி சொல்வான், மறுபடி திருப்பிச் சொல்வார்கள். இப்படி மூன்று தரம். ஒவ்வொரு தரமும் சத்தம் ஏறும். மற்றப் பையன்கள் இதற்காகவே பிறந்தவர்கள்போல் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள்.

பெரியவன் முன்வரிசை ஆட்டக்காரன், கோல் அடிப்பவன். தன் முதல் கோலை அடித்துவிட்டுத் திரும்பினான். தம்பி பெயர் வானத்திலிருந்து விழுந்தது. கூட்டம் முழுவதும் அதை வாங்கித் திருப்பி எறிந்தது. சின்னவன் ஆடவே தெரியாத பையன். பந்து அவன் பக்கம் வந்தால் காலைத் தூக்கி வழி விடுவான். புத்தகப் புழு, சளிக்காரன். அவன் பெயரைத்தான் இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள். பெரியவன் மைதானத்தின் நடுவில் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கோச்சிடம் போய் நின்றான்.

"என்னைப் பின்னாடி போடுங்க சார். பேக்ல நிக்கிறேன்."

"என்ன?"

"கோல் அடிக்க வேண்டாம். தடுக்கிறேன்."

கோச் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டா, எல்லாப் பயலும் என் உயிரை எடுத்து முன்னாடி போட்டாத்தான் ஆச்சுங்கிறான். நீ என்ன புது தினுசா இருக்க?"

"பின்னாடி நல்லா ஆடுவேன் சார்."

நன்றாகத்தான் ஆடினான். இரண்டு வருஷம் பின்னால் நின்றான். எதிரணிக்காரன் எவனும் அவனை லேசில் தாண்ட முடியவில்லை. தடுப்பவன் பெயரை எந்த ஒலிபெருக்கிக்காரன் சொல்கிறான்? ஆட்டம் தொடங்குமுன் பதினொரு பெயரோடு ஒரு பெயராக வாசிப்பதோடு சரி. அந்த நேரத்தில் அவன் கழிவறையில் இருப்பான்.

அப்பா ஆட்டம் பார்க்க வருவார். வேனை வெளியே நிறுத்திவிட்டு, ரொட்டிக் கம்பெனிச் சட்டையோடு முதல் வரிசையில் நின்று தம்பி பெயரைச் சொல்லிக் கத்துவார். வேண்டுமென்றே கத்துகிறாரா, மறந்துபோய்க் கத்துகிறாரா என்று பெரியவனுக்குப் பிடிபட்டதில்லை. அவர் சின்னவனின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அவன் பால்பல் விழுந்த வயதில். சாவுக்கும் போகவில்லை. அவருக்குள் என்ன ஓடியது என்று யார் கண்டது?

அம்மா மட்டும் வரவே இல்லை. பெரியவனுக்கு அதுதான் குறை. ஜெயித்தாலும் தோற்றாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் மனதை அரித்தது. பார்க்கிற கூட்டத்தில் ஓடுவது யார் என்று தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அப்பாவுக்கும் தெரியும்தான், ஆனால் அவர்தான் வேறு பெயரைக் கத்துகிறாரே. அம்மா வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து, அதோ என் பெரியவன் ஓடுகிறான் என்று மனதுக்குள் நினைத்தால் போதும். வாய் திறக்கக்கூட வேண்டாம்.

"அந்தப் பேரை நான் எப்படிடா கேப்பேன்?" என்பாள் அவள், ஒவ்வொரு தரமும்.

மூன்றாவது வருஷம் அவன் விடாப்பிடியாக நின்றான். "நான் பின்னாடிதான்மா நிப்பேன். கோலே அடிக்க மாட்டேன். ஆரம்பத்துல ஒரு தடவை பேர் வாசிப்பாங்க. அதுவரைக்கும் வெளியில நில்லு. வாசிச்சு முடிச்சதும் அப்பா வந்து கூட்டிட்டு வருவாரு. அப்புறம் ஒருத்தனும் சொல்ல மாட்டான். என்னைச் செவிடன்னுதான் கூப்பிடுவாங்க."

"செவிடனா? என் புள்ளையையா?" அம்மாவுக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. வருகிறேன் என்றாள்.

வந்தாள். சொன்னபடியே பெயர் வாசித்து முடித்த பிறகு உள்ளே வந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியவன் அன்று ஆடியது போல் வாழ்நாளில் ஆடியதில்லை. தரையோடு தரையாக விழுந்து பந்தைப் பிடுங்கினான். எழுந்து பார்ப்பான், அம்மா பார்க்கிறாள். மறுபடி ஓடுவான். இரு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கார்னர் கிடைத்தது. உயரமானவன் என்பதால் கோச் அவனையும் முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினார். போனான். போய்ச் சும்மா நிற்பதாகத்தான் எண்ணம். ஆனால் பந்து அவன் நெற்றிக்கு நேராக வந்தது. கோல் அடிக்கிறவன் உடம்பு அது, எத்தனை நாள் கட்டிப்போட்டாலும் சொன்ன பேச்சுக் கேட்குமா? துள்ளியது, முட்டியது. பந்து வலைக்குள் கிடந்தது.

ஒலிபெருக்கிக்காரன் ஆரம்பித்தான்.

சக ஆட்டக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குகிறார்கள், பெரியவன் அவர்களை விலக்கிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடினான். அவள் எழுந்து ஓடியிருப்பாள், அல்லது மயங்கி விழுந்திருப்பாள் என்று நினைத்தான். அம்மா நின்றுகொண்டிருந்தாள். கைப்பை கீழே கிடந்தது. மூன்றாவது தரம் கூட்டம் பெயரைத் திருப்பிச் சொன்னபோது, அவள் வாயும் அசைந்தது.

வேனில் வீடு திரும்பும்போது மூன்று பேரும் முன்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நடுவில். அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது.

"எத்தனை பேருடா" என்றாள். "எத்தனை பேரு கூப்பிடுறாங்க அவனை."

"நான் எப்படிம்மா ஆடுனேன்?"

"நல்லா ஆடுனான்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பெரியவன் வாய் தவறி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான்.

அதன்பிறகு அவள் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. சலவைப் பகுதியில் ஆள் மாற்றிக்கொண்டு, எதிர் முனைக்காரியின் கையைக் காலைப் பிடித்து வந்துவிடுவாள். பெயர் வாசிப்பதற்கு முன்பே இப்போது உள்ளே இருந்தாள். இரண்டு மூன்று ஆட்டம் பார்த்துவிட்டு, சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்:

"ஏன் பின்னாடியே நிக்கிற? பின்னாடி நிக்கிறவங்க பேரைச் சொல்லவே மாட்டேங்கிறாங்களே."

"நீ கேக்க வேண்டாம்னுதானேம்மா பின்னாடி போனேன்."

"அது அப்போ. இப்ப கேக்கணும்போல இருக்கு."

கோச்சிடம் மறுபடியும் போய் நின்றான். "என்னை முன்னாடி போடுங்க சார்." கோச் தலையில் அடித்துக்கொண்டார். திட்டித் தீர்த்தார். பிறகு போட்டார். பெரியவன் அடிக்க ஆரம்பித்தான். இடது காலால் அடித்தான், வலது காலால் அடித்தான், கீப்பரின் கால் சந்துக்குள் தள்ளினான். ஒவ்வொன்றுக்கும் தம்பி பெயர் மூன்று தரம் எழுந்தது. ஒவ்வொரு தரமும் அம்மா எழுந்து நின்றாள்.

நகரத்தின் பெரிய கிளப்பிலிருந்து ஒரு ஆள் தேடி வந்தார். வந்து ஆடு, வாழ்க்கையே மாறிவிடும் என்றார். அங்கே போனால் எலும்பைப் படம் எடுப்பார்கள், வயதைச் சோதிப்பார்கள், பழைய பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கேட்பார்கள், பத்திரிகையில் முகம் வரும், எங்கோ யாரோ பார்த்து, இது அவன் அண்ணன் இல்லையா என்பான். குட்டு உடைந்தால் மூன்று பேரும் கப்பலேற வேண்டியதுதான். "படிப்புதான் முக்கியம்" என்று பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். படிப்பில் அவன் லட்சணம் தெரிந்த கோச், "செவிடன்னு சும்மாவா வெச்சாங்க" என்று சொல்லிவிட்டு நாலு நாள் அவனோடு பேசவில்லை.

அதையெல்லாம்கூட அவன் தாங்கிக்கொண்டான். வீட்டில் நடந்ததுதான் தாங்கவில்லை. முதலில் சாப்பாட்டில் காரம் குறைந்தது. சின்னவனுக்குக் காரம் ஆகாது, பெரியவனுக்குக் காரம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. பிறகு அவன் கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தாள். குளிர்காற்று ஆகாத உடம்பு சின்னவனுடையது. அவன் திறப்பான், அவள் சாத்துவாள். பெரியவனே என்று கூப்பிடுவது குறைந்து, டா போட்டுக் கூப்பிடுவதோடு நின்றது. ஒருநாள் சமையலறையிலிருந்து தம்பி பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தரம் அந்தப் பெயருக்கு அவன் சட்டென்று திரும்பிவிட்டான். அம்மா குரலாயிற்றே.

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். அவர் கேட்டது இதைத்தான், பழகிக்கணும் என்று பல வருஷமாகச் சொல்லி வந்தது இதைத்தான். ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வாரத்திலிருந்து மைதானத்தில் அவர் கத்துவதை நிறுத்திக்கொண்டார்.

பெரியவன் நேராகவே கேட்டுவிட்டான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் யாரும்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னைப் பைத்தியம்னு நெனச்சியா?"

"இல்ல..."

"எனக்குத் தெரியும்டா. என் கையால அவனுக்குக் கடைசியாத் தண்ணி ஊத்தினவ நான். உங்கப்பனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்." மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள். "இந்த ஊருக்கு வந்து அவனுக்காக ஒரு நாள் சத்தம் போட்டு அழுதிருக்கேனா? ஒரு படம் மாட்டியிருக்கேனா? அவன் செத்ததையே வெளியில சொல்லக் கூடாதுன்னுட்டீங்க. சரி, சாகலைன்னே வெச்சுக்குறேன். அந்த ஒன்றரை மணி நேரம் அவன் ஓடுறான், ஊரே அவனைக் கூப்பிடுது. அதையாவது எனக்குக் குடுடா. நீ எப்பவும் இருக்கியே."

குடுக்கிறேன் என்றான். ஒன்றரை மணி நேரம்தானே என்று நினைத்தான். ஆனால் அது மைதானத்தோடு நிற்கவில்லை. வேனில் ஏறியும் தொடர்ந்தது, படியேறியும் தொடர்ந்தது, சாப்பாட்டுத் தட்டிலும் தொடர்ந்தது. கடைசி வருஷம் தொடங்கியபோது அந்த வீட்டில் பெரியவன் என்ற சொல்லே கேட்பது நின்றுபோயிருந்தது. அம்மாவை ஆட்டம் பார்க்க வரச் சொல்லிக் கெஞ்சிக் கூத்தாடியவன் அவன்தான். யாரை நோவது?

மழை பெய்து நசநசத்த ஒரு மதியம், பந்தை இழுத்துக்கொண்டு கோலை நோக்கி ஓடியபோது கீப்பர் முன்னால் பாய்ந்து வந்தான். பந்து ஒரு பக்கம், கீப்பர் ஒரு பக்கம், ஊன்றிய கால் சேற்றில் சிக்கி நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் அவனுக்கே கேட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகையில், ஒலிபெருக்கிக்காரன் மரியாதைக்காகப் பெயரைச் சொன்னான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பெயர் ஒரே ஒரு தரம்தான் சொல்லப்பட்டது.

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் முழங்கால் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், வேலைக்குப் போகலாம் என்றார். ஆட முடியாது என்பதை அவர் கடைசியில் சொன்னார். கோச் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். "பரீட்சை வரைக்கும் உன் சீட்டுக்கு நான் பொறுப்பு" என்றார். அவனைப் பற்றிக் கவலைப்படுகிற குரலில் சொன்னார். அதைக் கேட்டு அவன் கண் கலங்கியது. கோச் போன பிறகு அம்மா கேட்டாள். இந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு இன்னும் அரைகுறைதான்.

"என்ன சொன்னாங்க ரெண்டு பேரும்?"

"இனிமே ஆட முடியாதும்மா."

"கொஞ்ச நாளைக்கா?"

"எப்பவுமே."

அவள் அவன் காலைப் பார்க்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவன் பேரை இனிமே கூப்பிட மாட்டாங்களா?"

அப்பா, "ஏய்" என்றார் மெதுவாக.

"நான் இருக்கேன்லம்மா" என்றான் அவன்.

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். வெகு நாள் கழித்து அவனைப் பார்த்தாள். கை வந்து அவன் தலையைத் தடவியது.

"நீ இருக்கடா, பெரியவனே" என்றாள். "அவன்தான் போயிட்டான்."

பிறகு அழுதாள். இந்த நாட்டுக்கு வந்து அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். மார்பில் அடித்துக்கொண்டு, சின்னவன் பெயரைச் சொல்லி, என் கண்ணே என் ராசாவே என்று, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அப்பா பதறி எழுந்து திரையை இழுத்து மூடினார். மூடியவர் திரையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். அவர் தோளும் குலுங்க ஆரம்பித்தது.

நர்ஸ் ஓடி வந்தாள். தம்பி பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லுங்க. உயிருக்கு ஒண்ணும் இல்லை, காலுதானே. எழவு விழுந்த மாதிரி இப்படியா அழுவாங்க?"

"சொல்லிட்டேன்" என்றான் பெரியவன். "அழட்டும், விடுங்க."

நர்ஸ் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மருந்தின் வேகம் குறைந்து அவன் முழங்கால் மறுபடி வலிக்க ஆரம்பித்திருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். அம்மா அழுது முடிக்கட்டும் என்று இருந்துவிட்டான்.